மாரிக்கனி காவலிருந்த தூக்கம்

ஜனவரி 6, திங்கள்

பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிப் போயிருக்கிறேன். பாத்திரம் கரிந்து அடுப்படி முழுக்கப் புகை. என் வீட்டுக்காரர் போன் போட்டு, "ஏட்டம்மா, வீட்டையும் சேத்துக் கொளுத்திட்டுப் போயிருந்தா கேஸ நீங்களே விசாரிச்சிருக்கலாம்ல" என்றார். சிரித்த மாதிரி சத்தம் கொடுத்துவிட்டு வைத்தேன்.

தேர்வுக்கு இருபத்தேழு நாள். துறை ஒதுக்கீட்டில் எஸ்.ஐ. ஆவதற்கான எழுத்துத் தேர்வு. எனக்கு இது மூன்றாவது முறை. முதல் முறை ஆறு மார்க்கில் போனது. அடுத்த முறை அரை மார்க்கில். ஜூனில் நாற்பத்தேழு முடிகிறது. அதற்கப்புறம் விண்ணப்பமே போட முடியாது. நான் லெஃப்ட் ரைட் சொல்லிக்கொடுத்த பெண்கள் இரண்டு பேர் இப்போது எஸ்.ஐ. ரிட்டயர் ஆகிற நாள்வரை அவர்களுக்கு சல்யூட் அடித்தே என் கை தேய வேண்டும்.

இதில் சட்டத்தை வேறு மாற்றி விட்டார்கள். கொலைக்கு 302, திருட்டுக்கு 379, மோசடிக்கு 420. இருபத்திரண்டு வருஷம் வாயில் ஊறின எண்கள். இப்போது கொலை 103, திருட்டு 303, மோசடி 318. இன்று ஒரு சைக்கிள் திருட்டு மனுவில் 379 என்று எழுதி நீட்டினேன். எஸ்.ஐ. அம்மா அந்த எண்ணை அடித்துவிட்டு, "அக்கா, இன்னுமா?" என்றது. என் மகள் வயசு இருக்கும்.

தினமும் மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுகிறேன். படுப்பது பதினொன்றரை. காலை பத்து மணிக்குள் படித்ததெல்லாம் ஓட்டைப் பானையில் ஊற்றின தண்ணீர். பால், வீட்டுச் சாவி, நேற்று பக்கத்துத் தெரு சரசுவின் பெயர் என்று மற்றதும் போகிறது. இந்த மறதியைப் பற்றி போனில் தேடி, வந்த நோய்ப் பெயரையெல்லாம் படித்தேன். படித்திருக்கக் கூடாது. எனக்கு ஒன்றும் இல்லை.

ஜனவரி 8, புதன்

ஆஸ்பத்திரி காவல். காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. ரிமாண்ட் கைதி மாரிக்கனி, இருபத்தாறு வயது, தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவள். குடித்துவிட்டு வந்த புருஷன் இவள் மேல் மண்ணெண்ணெயை ஊற்றிக் கொளுத்தியிருக்கிறான். இவள் பிடித்துத் தள்ளியதில் அம்மிக்கல்லில் மண்டை அடிபட்டு அவன் செத்துப்போனான். இடது கையும் இடுப்பும் வெந்திருக்கின்றன. ஆறும்வரை இங்கே, ஆறினால் ஜெயில்.

என்னோடு வனிதா. கைக்குழந்தைக்காரி. குழந்தை வீட்டில், மனசும் வீட்டில், ஆள் மட்டும் இங்கே.

அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து நாள் முழுக்கப் படிக்கலாமே.

ஜனவரி 9, வியாழன்

இருபது பிரிவுகள் எழுதிப் பார்த்தேன். ஆறு சரி.

ஜனவரி 11, சனி

இந்த வார்டில் ஒரு ஹவுஸ் சர்ஜன் பெண் இருக்கிறது. டாக்டர் நஸ்ரின். மேல்படிப்பு நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிறது. கட்டு மாற்றும் அறையில் தடிப் புத்தகத்தை ஒரு மணி நேரம் படிக்கும், அப்படியே ஸ்ட்ரெச்சரில் படுத்துத் தூங்கும். அரை மணியில் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பன் காசில் படித்தால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று அதுவாகவே வந்து என் நோட்டை எட்டிப் பார்த்தது.

"எத்தன மணி நேரம் தூங்குறீங்க ஏட்டம்மா?"

"மூணு, மூணரை."

"அப்ப எப்படி நிக்கும்? படிக்கிறப்ப மூளை வாங்கி வைக்க மட்டுந்தான் செய்யும். தூங்குறப்பதான் அத எடுத்து அடுக்கும். நீங்க மூட்டைய எறக்கி எறக்கி வாசல்லயே போடுறீங்க."

"தூங்கிக்கிட்டே பாஸாகலாம்னா எங்க ஊர்ல பாதிப்பேரு கலெக்டர் டாக்டரம்மா."

"படிச்சிட்டுத் தூங்கணும். படிக்காம தூங்குறதுக்கு நா பொறுப்பில்ல" என்று சிரித்துவிட்டுப் போனது.

சின்னப் பெண். என்ன தெரியும்.

ஜனவரி 13, திங்கள்

போகி. வீட்டில் பழையதை எரிக்க நேரமில்லை. மத்தியானம் பதினைந்து பிரிவுகளைப் படித்தேன். வனிதா விழித்திருந்தாள். சரி, பார்ப்போமே என்று நோட்டை மடியில் வைத்துச் சுவரில் சாய்ந்தேன். முப்பது நிமிஷத் தூக்கம்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கலன்றும் காவல்தான். வீட்டிலிருந்து பொங்கல் எடுத்துப் போனேன். மாரிக்கனிக்கும் கொடுத்தேன்.

நேற்றுப் படித்த பதினைந்தில் பன்னிரண்டு சரி. நம்ப முடியாமல் இரண்டு முறை திருத்திப் பார்த்தேன்.

அலாரத்தை ஐந்துக்கு மாற்றிவிட்டேன். வீட்டுக்காரர் "தேர்வ எழுதலையா?" என்று கேட்டார்.

ஜனவரி 16, வியாழன்

வனிதாவின் மார்பில் பால் கட்டிக்கொண்டு அழுகிறாள். மத்தியானம் ஒன்றரையிலிருந்து மூன்றரை வரை வீட்டுக்குப் போய்வரச் சொன்னேன். விதிப்படி இரண்டு பேர் இருக்க வேண்டும். விதியை எழுதியவன் பிள்ளை பெற்றவன் இல்லை.

இன்று மாரிக்கனி கேட்டாள், "அக்கா, நாளெல்லாம் முணுமுணுன்னு என்ன மந்திரம்? நா வேணா நோட்டப் பிடிச்சிக் கேள்வி கேக்கவா? எட்டு வரைக்கும் படிச்சிருக்கேன்."

கொடுத்தேன். நல்ல கையில் நோட்டைப் பிடித்துக்கொண்டு வாத்தியாரம்மா மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கொலை முயற்சி?"

"109."

"அலட்சியத்தால மரணம்?"

"106."

"கொலை?"

"302. இல்ல, 103."

"அது நாந்தான" என்றாள். அடுத்த பக்கத்தைப் புரட்டி, "வழிப்பறி?" என்று கேட்டாள்.

ஜனவரி 18, சனி

வனிதா போன பிறகு கண்ணை மூடி, படித்ததை நினைவுபடுத்திக்கொண்டேன். திறந்தபோது நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. மாரிக்கனி கட்டிலில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, எழுப்ப வேண்டியதுதான?"

"எதுக்கு? யாராச்சும் வந்தா இருமுறேன். நீங்க நினைவுபடுத்துங்க. இந்தக் கையோட நா எங்க ஓடப்போறேன்?"

இருபதில் பதினாறு.

ஜனவரி 20, திங்கள்

இருபதில் பதினேழு. பால் பொங்கும்போது அடுப்பண்டையே நின்றேன். சரசுவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். எனக்கு ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா, இப்போதுதான் உண்மையாகவே ஒன்றும் இல்லை. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஜனவரி 22, புதன்

மாரிக்கனிக்கு நாலு வயதில் ஒரு பெண் உண்டு. பெயர் தேனு. மாமியார் வீட்டில் இருந்த குழந்தைக்குக் காய்ச்சலும் வலிப்பும் வந்து இதே ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். மாடியில் குழந்தைகள் வார்டு. வார்டு ஆயா வந்து சொன்னாள்.

"அக்கா, பத்து படி. கண்ணுல பாத்துட்டு வந்துர்றேன். நீங்களும் கூட வாங்க."

ரிமாண்ட் கைதி படுக்கையைவிட்டு நகர ஜெயில் அனுமதி, டாக்டர் கடிதம், இன்ஸ்பெக்டர் ஐயாவின் சம்மதம் எல்லாம் வேண்டும். கேட்கப் போனால் அவர் காவலைப் பற்றி விசாரிப்பார். வனிதா மத்தியானம் எங்கே என்பார்.

"தேர்வு முடியட்டும்மா. ரெண்டாம் தேதிக்கு மறுநாள் நானே ஐயாகிட்டப் பேசி வாங்கித் தாரேன்."

"சரிக்கா" என்றாள். நோட்டை எடுத்து, "நேத்து விட்ட எடத்துலருந்து கேக்கவா?" என்றாள்.

பதினெட்டு.

ஜனவரி 25, சனி

ஆயா தினமும் மேலிருந்து சேதி கொண்டுவருகிறாள். காய்ச்சல் இறங்கிவிட்டதாம். பிஸ்கட் கேட்டதாம். இன்று மாரிக்கனி என்னிடம் என்னென்னவோ விசாரித்தாள். வனிதா எத்தனை மணிக்குத் திரும்புவாள், மாடிக்கு இந்தப் பக்கப் படியா அந்தப் பக்கமா. பொழுது போகாத பேச்சு.

இருபதில் பத்தொன்பது. இந்தப் பெண் மட்டும் கேள்வி கேட்காவிட்டால் நான் தேறியிருக்க மாட்டேன். அதை அவளிடம் சொன்னேன். வெட்கப்பட்டாள்.

ஜனவரி 29, புதன்

இருபதுக்கு இருபது.

ஜனவரி 31, வெள்ளி

இன்று பிற்பகல் 2.25 மணிக்கு ரிமாண்ட் கைதி மாரிக்கனி காவலிலிருந்து தப்பினாள். நான் உடனடியாகக் கட்டுப்பாட்டு அறைக்கும் நிலையத்துக்கும் தகவல் கொடுத்தேன். 2.40 மணிக்கு ஆஸ்பத்திரி வளாகத்திலேயே பிடிபட்டாள்.

உடனே தகவல் கொடுத்ததற்கு இன்ஸ்பெக்டர் ஐயா என்னைப் பாராட்டினார். நாளைக்கு விடுப்பும் கொடுத்தார்.

வேறு எழுத ஒன்றும் இல்லை. சீக்கிரம் படுக்க வேண்டும். நாளை மறுநாள் தேர்வு.

பிப்ரவரி 1, சனி

நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்ததும் முதலில் நினைவுக்கு வந்தது பிரிவு எண் இல்லை.

எழுதிவிடுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்.

ஒன்றே முக்காலுக்குக் கண்ணை மூடினேன். நாற்பது நிமிஷம் கழித்து விழித்தபோது கட்டில் காலி. போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. கழிவறையில் இல்லை. வராந்தாவில் இல்லை. கைதி தப்பினால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் தகவல் கொடுக்க வேண்டும் என்று போலீஸ் நிலையாணையில் படித்தது வரி வரியாக வந்து நின்றது. அவ்வளவு தெளிவாக எதுவும் எனக்கு என்றுமே நினைவுக்கு வந்ததில்லை. போனை எடுத்துச் சொல்லிவிட்டேன். ஸ்டேஷனில் அன்றாடம் எழுதும் ஜி.டி. புத்தகத்தில் ஏறிவிட்டது. ஏறினது ஏறினதுதான்.

மாடி ஞாபகம் வரவில்லையா என்று என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வந்தது. போன் பேசி முடித்த பிறகு வந்தது. அப்படித்தான் நினைக்கிறேன்.

பதினைந்து நிமிஷத்தில் ஐயா, எஸ்.ஐ. அம்மா, ஆறு போலீஸ் வந்து வார்டை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அந்த நேரத்தில் வாசலில் மாரிக்கனி வந்து நின்றாள். ஓடி வந்திருக்கிறாள், மூச்சு இரைத்தது. என்னை மட்டும் பார்த்தாள்.

"தேனுவ டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்கக்கா. ஊருக்குக் கூட்டிட்டுப் போறாங்கன்னு ஆயா சொன்னுச்சு. நீங்க அசந்து தூங்குனீங்க, நாளன்னைக்குப் பரீட்சையாச்சேன்னுதான் எழுப்பல. வந்துட்டேன்ல?"

"தூங்குனாங்களா?" என்றார் ஐயா.

"பொய் சொல்றா ஐயா" என்றேன்.

கழிவறைக்குச் செல்வதாகக் கூறி, உடன் சென்ற என்னைத் தள்ளிவிட்டு ஓடினாள், காவலர் வனிதா அப்போது சாப்பிடச் சென்றிருந்தார் என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். தள்ளிவிட்டு என்ற சொல் ஐயா சேர்க்கச் சொன்னது. உண்மையை எழுதினால் வனிதாவும் மாட்டுவாள், அவளுக்குக் கைக்குழந்தை. அவளை நினைத்துத்தான் எழுதினேன்.

மாரிக்கனியைக் கட்டிலோடு சேர்த்துச் சங்கிலி போட்டார்கள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

எல்லாம் தெரிந்தது. ஒரு கேள்விகூட விடவில்லை. ஒவ்வொரு கேள்வியும் அவள் குரலில் கேட்டது.

பிப்ரவரி 3, திங்கள்

ஐயாவிடம் அனுமதி பேசுகிறேன் என்று சொன்ன நாள். அவளை ஜெயிலுக்கு மாற்றியாகிவிட்டது. காயம் இன்னும் ஆறவில்லை.

பிப்ரவரி 19, புதன்

கோர்ட். மாரிக்கனியின் ஜாமீன் மனு. அவள் தரப்பு வக்கீல் நன்றாகவே பேசினார். உயிருக்குப் பயந்து தள்ளியதுதான், தீக்காயமே சாட்சி, சிறு குழந்தை இருக்கிறது என்றார். ஜட்ஜம்மா தலையாட்டிக் கேட்டார். கிடைத்துவிடும் என்று தோன்றியது. கிடைக்க வேண்டும் என்று ஊரில் இருக்கிற சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

அரசு வக்கீல் எழுந்து, ஏற்கெனவே காவலிலிருந்து தப்ப முயன்றவர், ஜாமீனில் விட்டால் தலைமறைவாகிவிடுவார் என்றார். தப்பியதற்கு எந்தப் பிரிவில் வழக்கு என்று ஜட்ஜம்மா கேட்டார். அவர் பழைய எண்ணான 224-ஐச் சொல்லிவிட்டுக் காகிதத்தைப் புரட்டினார். புகார்தாரர் என்பதால் நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"262 சார்" என்றேன்.

வாய் தானாகச் சொன்னது. ஜட்ஜம்மாவே நிமிர்ந்து பார்த்தார். அரசு வக்கீல் "தேங்க்ஸ்மா" என்றார். மனு தள்ளுபடி.

வராந்தாவில் அவளை வேனுக்குக் கூட்டிப் போனார்கள். இளைத்துவிட்டாள். என் பக்கத்தில் வந்ததும் நின்றாள். வைவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகத்தான் நின்றேன்.

"பரீட்ச நல்லா எழுதுனீங்களாக்கா?" என்று கேட்டாள்.

தலையாட்டினேன்.

"தேனு எங்க அண்ணன் வீட்டுல இருக்கா. மாமியா வச்சிக்கிற மாட்டேன்னுருச்சு" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினாள்.

பிப்ரவரி 20, வியாழன்

ஒரு மனு எழுதினேன். நான் தூங்கினேன், அவள் தானாகத் திரும்பி வந்தாள், என்னைத் தள்ளவில்லை என்று நாலே வரி. கொடுத்தால் சஸ்பென்ஷன். பொய் அறிக்கைக்குத் தனி வழக்கு. இருபத்திரண்டு வருஷமும் போகும். கிழித்துவிட்டேன்.

பிப்ரவரி 24, திங்கள்

மறுபடி எழுதினேன். கிழித்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

அலாரத்தை மூன்றுக்கு வைத்துக்கொள்கிறேன். படிக்க ஒன்றும் இல்லை. எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். ராத்திரி ஒரு மணிவரை பாத்திரம் துலக்குகிறேன். தூங்காதபோது எதுவும் நிற்கவில்லை அல்லவா, பால் பாத்திரத்தையே மறந்தேன் அல்லவா. அப்படி இதுவும் போய்விடும் என்று பார்க்கிறேன். வீட்டுக்காரர் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்கிறார்.

நேற்று சரசுவின் பெயர் மறுபடி வரவில்லை. மாரிக்கனி வாசலில் மூச்சிரைக்க நின்றது, அவள் கழுத்து வியர்வை, "வந்துட்டேன்ல?" என்று கேட்டபோது இருந்த சந்தோஷம், ஒன்றும் குறையாமல் அப்படியே இருக்கிறது.

மார்ச் 28, வெள்ளி

ரிசல்ட் வந்துவிட்டது. எழுத்துத் தேர்வில் மாவட்டத்திலேயே நான்தான் முதல். ஸ்டேஷனில் லட்டு வாங்கிக் கொடுத்தார்கள். வனிதா கட்டிப்பிடித்து அழுதாள். எஸ்.ஐ. அம்மா எழுந்து நின்று, "அக்கா, அடுத்த வருஷம் நாம ரெண்டு பேரும் ஒரே ரேங்க்" என்று கை கொடுத்தது.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் நஸ்ரின் கட்டு மாற்றும் அறையில் இருந்தது. லட்டைக் கொடுத்தேன். "பாத்தீங்களா, தூங்கச் சொன்னேன்ல" என்று துள்ளியது.

"ஒண்ணு கேக்கணும் டாக்டரம்மா. ஒரு விஷயத்த மறக்கணும்னா எத்தன நாளு முழிச்சிருக்கணும்?"

அது சிரிக்கவில்லை. என் கண்ணைப் பார்த்தது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தது.

"எப்ப நடந்தது?"

"ஜனவரி கடைசியில."

"இப்ப முழிச்சிருந்து ஒண்ணும் ஆகாதுக்கா. ஒடம்புதான் கெடும். எதுவா இருந்தாலும் நடந்த அன்னைக்கு ராத்திரித் தூக்கத்துலதான் முதல்ல உள்ள போயி உக்காரும். அன்னைக்கு ராத்திரி தூங்குனீங்களா?"

பரீட்சைக்காகத் தூங்கினேன், ஒன்பது மணி நேரம் என்று சொன்னேன்.